காப்புக்காரனுக்கு வைத்த கறி

"ஹலோ... ஸனூஸ் நானாவா? கடையில ஒரே சத்தமா இருக்கு, கொஞ்சம் வெளிய வாங்க... நான் தனுஜா. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுற கிருபாகரன் வீட்டுக்காரி... ஆமா, ஆமா. மத்தியானம் ஒங்க கடையில சாப்பிட்டாரே, அவருதான்."

தோட்டத்து லயத்துக்குப் பின்னால் தண்ணீர் கொட்டும் பீலியருகே நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். பக்கத்தில் துணி துவைக்கும் கல்லில் கிருபாகரன் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. நாளைக்குத் தீமிதிப்பு. மகள் பதுளை ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் தீ மிதிக்கிறேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவன் அவன். பிள்ளை பிழைத்துவிட்டாள்.

"காப்புக் கட்டுன கைன்னு பாத்தாத் தெரியாதா? தெரிஞ்சும் இறைச்சி வைப்பீங்களா?... இல்ல, இருங்க. நான் சொல்லிக்கிறேன்."

காப்புக் கட்டினால் மீனும் இறைச்சியும் ஆகாது. பருப்பு, பூசணி, முருங்கைக்கீரை, சோயா மீட் என்று மாற்றி மாற்றி ஆக்கிப் போட்டதையும், கருவாட்டில் வளர்ந்த நாக்கு எதையும் ஏற்காமல் அவன் அரை வயிற்றோடு மலையேறியதையும் ஒரே மூச்சில் கொட்டினாள். பூசைச் சாமான் வாங்க லுணுகலைக் கடைவீதிக்குப் போனவன் பசி தாங்காமல் ரொட்டியும் இறைச்சியும் தின்றுவிட்டு வந்து, அவளிடமே சொல்லிவிட்டான். தின்ற வாயோடு தீயில் இறங்கினால் கால் வெந்துபோகும். இறங்காவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ.

"காப்ப அறுக்கப்போறேங்கிறாரு நானா. நான் என்னதான் செய்யிறது... என்ன?... பொலஸா? பிஞ்சுப் பலாக்காயா?"

அவள் குரல் இறங்கியது.

"அவரு கேட்டது இறைச்சிதானே?... கையப் பாத்துட்டுத்தான் மாத்தி வச்சீங்களா... ம்... ம்... அப்பவே வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?... சரி, சரி. இந்தா, அவருகிட்டயே சொல்லுங்க."

போனை அவன் காதில் வைத்தாள். கேட்டான். தள்ளிவிட்டான்.

"பொய்ங்கிறாரு. நம்ம ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு ஏமாத்துறோமாம்... சட்டியில மிச்சம் இருக்கா? யாருகிட்டயாவது குடுத்து விடுங்க... கழுவிட்டீங்களா."

அவன் விரல் காப்பு முடிச்சைத் தேடியது. அவள் அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப எப்பிடி ஆக்குனீங்கன்னு சொல்லுங்க... இப்பதான், இப்பவேதான். இங்க மரத்துல பிஞ்சு தொங்குது. அதே மாதிரி ஆக்கி வாயில வைக்கிறேன், அவரு நாக்கே சொல்லட்டும்... பெரிய பெரிய துண்டா... ஆமா... தூளக் கறுக்க வறுக்கணும்... புளிப்புக்குக் கொறக்கா... ம், ஆமா... தேங்காயா? பல்லுப் பல்லாக் கீறியா போட்டீங்க?"

கிருபாகரன் நிமிர்ந்தான். நாக்கால் கடைவாயைத் துழாவினான். பிறகு மெல்ல ஏதோ சொன்னான்.

"நானா... நறுக்குனு கடிபட்டுச்சாம். குருத்தெலும்புன்னு நெனச்சு முழுங்குனாராம். இனிச்சுச்சாம்..."

அவள் பிடித்திருந்த கை காப்பு முடிச்சை விட்டது. மற்றக் கையால் அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"இல்ல, ஒண்ணுமில்ல நானா, அழுவுறாரு... அது இருக்கட்டும். வாயால கேட்டதுக்கு அவரே அம்மாளுக்குப் பதில் சொல்லிக்கட்டும். நான் போன வைக்கிறேன், பிஞ்சு பறிக்கணும். ராவைக்கு அவருக்கு அந்தக் கறிதான்."