அண்ணன் கைக்கு ஏற்ற கன்ட்ரோலர்

ஒரு மனிதனின் இடது கைக்கு இன்றைய விலை, ஒயரோடு எடுத்தால் ஆயிரத்து இருநூறு. ஒயர் இல்லாமல் வேண்டுமென்றால் அதைப்போல இரண்டு மடங்கு. பேரம் பேசினால் கொஞ்சம் இறங்கும். பேரம் பேசாமல் வாங்குகிறவரை நான் மதிப்பதில்லை. ஆனால் ரொம்பப் பிடிக்கும்.

நீங்கள் ஸ்டேஷன் மேசைமேல் வரிசையாக வைத்திருக்கும் இந்த மூன்று கேம் கன்ட்ரோலர்களும் எங்கள் கடைச் சரக்குதான். எடுத்துக் கொடுத்தது நான்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்கொரு நம்பர். நாங்கள்கூட இவ்வளவு நறுவிசாகக் கட்டிக் கொடுப்பதில்லை. எது எதற்கு என்று கேட்டீர்கள். சரக்கைப் பற்றி ஒருவர் கேட்டுச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது.

அதற்கு முன்னால் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் சாமான் விற்கிற தெருவில், அப்பா விட்டுப்போன கடை. முன்னால் கல்லா, அண்ணன் இடம். பின்னால் ஒரு தடுப்பு, அதற்குள் ஒரு மேசை, விளக்கு, சால்டரிங் கம்பி; என் இடம். அண்ணன் வாயால் விற்பான். ஒரு பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவன் திறந்து பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை, ஏனென்றால் அவனிடம் ஒரு சட்டம் இருந்தது. சரக்கில் குறை என்று கடைக்காரன் வாயால் சொல்லக்கூடாது. குறை எப்போதும் கையில்தான்.

ஒருவர் மவுஸைத் திருப்பிக்கொண்டு வருவார்.

"தானா கிளிக் ஆகுதுங்க இது."

"தானா எதுவும் ஆகாதுங்க. கையைக் காட்டுங்க. பாத்தீங்களா, வேர்க்குற கை. மவுஸ் என்னங்க பண்ணும், பாவம்."

வந்தவர் தன் கையைத் தானே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு, கூடவே ஒரு மவுஸ் பேடையும் வாங்கிக்கொண்டு போவார். அதற்கும் மசியாதவர் வந்தால் அண்ணன் குரலைத் தாழ்த்துவான்.

"யாரு எடுத்துக் குடுத்தது? என் தம்பியா? அப்ப சரி. அவனுக்கு ஓட்டைக் கைங்க. நல்ல சரக்கும் அவன் தொட்டா கெட்டுப்போகும்." பிறகு தடுப்பைப் பார்த்து, "டேய் ஓட்டைக்கை, வேற ஒண்ணு எடுத்துட்டு வா."

இருபது வருஷம். தெருவில் என் பெயர் அதுதான். டீ கொண்டுவருகிறவர்கூடக் கிளாஸை என் கையில் தரமாட்டார், மேசையில் வைத்துவிட்டுச் சிரிப்பார். பெண் பேசப் போன வீட்டில் பெண்ணின் அப்பா என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்த்தார். அந்தப் பெண் வேறு யாருக்கோ போய்விட்டாள். நான் வருத்தப்பட்டதாக நினைக்காதீர்கள். வியாபாரத்தில் யாராவது ஒருவர் குறையைச் சுமக்கத்தானே வேண்டும்.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை மட்டும் விழுந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு ஆகியிருந்தால் இந்தக் கதையே இல்லை. வீட்டுக்கு வந்துபோன ஃபிசியோ அம்மா, விரல் சீக்கிரம் திரும்பும், ஆனால் விடாமல் வேலை கொடுக்க வேண்டும் என்றார். பந்தைப் பிசைந்து பிசைந்து அண்ணனுக்கு அலுத்துவிட்டது. கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் கேம் இருக்கிறதே, அதை ஆடுங்கள், வண்டியைத் திருப்புவது இடது கட்டைவிரல் வேலைதான் என்று அந்த அம்மாவே யோசனை சொன்னார்.

அண்ணன் உடனே அதைப் பந்தயமாக்கிக்கொண்டான்.

"ஒரு சுத்து சுவத்துல இடிக்காம ஓட்டிட்டேன்னு வை, அடுத்த நாள் கல்லாவுல உக்காந்துருவேன். அதுவரைக்கும் நீ பாத்துக்க. கடையை ஓட்டை போட்டுடாதடா."

"சரிண்ணே."

"கன்ட்ரோலர் நீயே பாத்து எடு. உனக்குத்தான் அதெல்லாம் தெரியும்."

"ஒயரா, ஒயர் இல்லாததா?"

"நான் எங்கடா ஓடப்போறேன், ஒயர் போதும்."

ஐயா, கம்ப்யூட்டரில் ஆடக் கன்ட்ரோலர் வாங்குகிறவர்கள் நிறத்தையும் விளக்கையும் பார்த்து ஏமாறுகிறார்கள். நீங்கள் வாங்கினால் இதைச் செய்யுங்கள். கடையிலேயே கம்ப்யூட்டரில் செருகச் சொல்லுங்கள். கட்டைவிரலால் திருப்புகிற அந்தக் குட்டி ஸ்டிக்கைத் தொடாமல் கையை எடுத்துவிடுங்கள். திரையில் ஒரு புள்ளி தெரியும். அது நட்டநடுவில் அசையாமல் நின்றால் எடுக்கலாம். தானாக ஒரு பக்கம் நகர்ந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒன்றாம் நம்பர் பையில் இருப்பது அப்படி நகர்வது. யாரோ ஒருவர் திருப்பிக் கொடுத்தது, இடது பக்கம் ஒரு நூல் சாயும். துடைத்து, பெட்டியில் வைத்து, எங்களிடம் உள்ள சீல் மெஷினில் பிளாஸ்டிக் தாள் சுற்றிப் புதிதாக்கினேன். அண்ணியே கத்தரிக்கோலால் தாளை வெட்டினார். அண்ணன் ஓட்டினான். வண்டி ஒவ்வொரு முறையும் இடப்பக்கச் சுவரில் போய் இடித்தது.

"என்னடா, இழுக்குது?"

அவன் கையைப் பார்த்தேன். அவ்வளவுதான். அவனே சொல்லிக்கொண்டான்: "ம். கைதான்."

இருபது வருஷம் ஊருக்கெல்லாம் விற்ற வார்த்தையை அன்றைக்கு அவனே வாங்கினான். பேரம்கூடப் பேசவில்லை.

மாற்றிப் பார்க்கலாமே என்று அண்ணி கேட்டார். நல்ல கேள்வி. இரண்டாம் நம்பரைக் கொண்டுபோனேன். அதில் பழுதே கிடையாது, நீங்கள் யாரை வேண்டுமானாலும் வைத்துச் சோதிக்கலாம். கம்ப்யூட்டரில் ஒரு செட்டிங் உண்டு. ஸ்டிக் எவ்வளவு தூரம் அசைந்தால் அதை அசைவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் சொல்லலாம். இதற்கு மட்டும் அதை ஏற்றிவைத்தேன். அப்போது அண்ணனின் கட்டைவிரல் ஒரு நெல் அளவுக்கு நகரத் தொடங்கியிருந்தது. திரையில் அந்த நெல் தெரியாது. வண்டி நேராகப் போய் வளைவில் மோதி நின்றது.

ஃபிசியோ அம்மா அவன் விரலைப் பிடித்துப் பார்த்து, "நல்லா அசையுதுங்களே" என்றார்.

"நீங்க ஃபீஸுக்குச் சொல்றீங்க" என்றான் அண்ணன். "மெஷினுக்கு யாரும் ஃபீஸ் குடுக்கலை. அது சொல்றதுதான் நெசம்."

எங்கள் வீட்டு ஆட்கள் அப்படித்தான். மனுஷன் சொன்னால் அதில் லாபம் எவ்வளவு என்று யோசிப்போம். பெட்டிக்குள்ளிருந்து வந்த பொருள் சொன்னால் நம்பிவிடுவோம். அந்த அம்மாவை வர வேண்டாம் என்று அவன்தான் சொன்னான். நான் வாசல் வரை போய் வழியனுப்பினேன், குடை மறந்துவிட்டார் என்று எடுத்துக்கூடக் கொடுத்தேன்.

இதற்கிடையில் வெளியூரில் வேலையாக இருக்கும் அண்ணன் மகள் நல்லதாக ஒன்று வாங்கி அனுப்பியிருந்தாள். பகலில் வீட்டில் பெல் அடித்தால் அப்பாவின் தூக்கம் கெடும் என்று கடை விலாசம் போட்டிருந்தாள். அருமையான சரக்கு. காந்தத்தில் இயங்கும் ஸ்டிக், தேயவே தேயாது. எடுத்துப் பார்த்தேன், புள்ளி நடுவில் ஆணி அடித்ததுபோல நின்றது. அன்றைக்கே விற்றுவிட்டேன். வாங்கியவர் இதுவரை குறை சொல்லித் திரும்பி வரவில்லை. அவளிடம், அப்பாவுக்குக் கிடைத்துவிட்டது, அதில்தான் ஆடுகிறார் என்று போனில் சொன்னேன்.

மூன்றாம் நம்பர், அவள் அனுப்பியதாக நான் கொடுத்தது. ஒயர் இல்லாதது, பார்க்க அழகு. அதன் சிக்னலை வாங்குகிற குட்டி ரிசீவரைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால், இரும்புக்கு மறைவில் செருகினேன். விரல் திருப்பும், வண்டி சற்று யோசித்துவிட்டுத் திரும்பும். அதற்குள் சுவர் வந்துவிடும். அண்ணன் அதைச் சில வாரம் ஓட்டினான். மகள் கொடுத்ததாயிற்றே. ஒவ்வொரு முறை இடிக்கும்போதும் அவள் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ முணுமுணுப்பான். பிறகு ஒரு நாள் அதை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான்.

"எனக்கும் ஓட்டைக் கை ஆயிடுச்சுடா" என்றான்.

அதற்குப் பிறகு பந்தையும் தொடவில்லை. வேலை கொடுக்காத கை என்ன செய்யும் என்று டாக்டர் உங்களுக்குச் சொல்லியிருப்பார். விரல்கள் உள்ளே மடங்கின. மடங்கியது இறுகியது. இப்போது நகம் வெட்டுவதற்கே அண்ணி ஒவ்வொரு விரலாக நெம்பித் திறக்க வேண்டியிருக்கிறது. கடைச் சாவியை அவனே கொடுத்தான். நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை, வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மகள் விடுப்பில் வந்தாள். மூன்றாம் நம்பரைப் பார்த்ததும், "நான் வாங்குனது இது இல்லையே சித்தப்பா" என்றாள். நான் அவளுக்கு டீ வேண்டுமா என்று கேட்டேன். அவள் அலமாரியைக் குடைந்து மற்ற இரண்டையும் எடுத்தாள். அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒவ்வொன்றாகச் செருகினாள். ஸ்டிக்கைத் தொடாமல் கையை எடுத்தாள். சரியாகச் செய்தாள். பிறகு செட்டிங்கைத் திறந்தாள், ரிசீவரைத் தேடிப் பிடித்தாள். எங்கள் குடும்பத்தில் பொருள் வாங்கத் தெரிந்த ஒரே ஆள்.

அவள் அப்பாவின் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். "அப்பா, உங்க கை நல்லாதாம்ப்பா இருந்துச்சு. கன்ட்ரோலர்லதான் குறை. மூணுலயும்."

அண்ணன் சிரித்தான். கல்லாவில் உட்கார்ந்து சிரிக்கிற அதே சிரிப்பு.

"சரக்குல குறை இருக்காதும்மா. என் தம்பி கையால பொறுக்கி எடுத்துக் குடுத்தது. அவன் கை பட்டா தப்பாது."

நான் கதவோரம் நின்றிருந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தாள்.

நான் கெட்டவன் என்று நீங்கள் எழுதப்போகிறீர்கள். எழுதுங்கள். ஆனால் நான் அவனை அடிக்கவில்லை, மருந்தைக் குறைக்கவில்லை, ஒரு பொய்கூட அவன் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. மூன்றாவதைக் கொடுத்தபோது சொன்ன ஒன்றைத் தவிர. அவனுடைய சட்டத்தை அவனுக்கே ஒருமுறை நடத்திக் காட்டினேன். கணக்கு என்று பார்த்தால் இதுதான். நான் கொடுத்தது மூன்று கன்ட்ரோலர், எதற்கும் விலை வாங்கவில்லை. அவன் கொடுத்தது ஒரு கடை, ஒரு இடது கை, இருபது வருஷம் கழித்து என் கையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை. கடையை நீங்கள் பூட்டிவிட்டீர்கள், கையை யாராலும் திறக்க முடியவில்லை, ஆகவே இரண்டையும் கழித்துவிடலாம். மீதி நிற்பது அந்த வார்த்தை. அதை நான் நியாயமாகச் சம்பாதித்ததாகவே வரவு வைத்திருக்கிறேன். பாக்கி ஒன்றுமில்லை.