சேரும்போது தந்த வாக்கு

நெடுந்தீவுப் படகில் எனக்கு முன்னால் இருந்த முதியவர், பக்கத்தில் இருந்த மனைவிக்குக் கைபேசியில் வந்த செய்தியை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மகள் மலேசியாவில், சரவாக்கில் இருக்கிறாளாம்.

“கன வருசம் மந்திரியா இருந்த மனுசன், இப்ப சரவாக் மாநிலத் தலைவர். மாநிலத்துக்குக் கூடுதல் அதிகாரம் கேக்கிறார்.”

“பிரிஞ்சு போகப் போகினமோ?”

“இல்லையப்பா. மலேசியாவோட சேரேக்க தந்த வாக்கைத்தான் கேக்கிறார்.”

“நானும் அதைத்தானே கேட்டனான்,” என்றார் மனைவி. “வருசத்துக்கு ஒருக்கா என்ரை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவன் எண்டு கலியாணத்தண்டு சொன்னனீங்கள்.”

“நாப்பது வருசமா இந்தக் கடலிலை சத்தி எடுத்து எடுத்துக் கூட்டிக்கொண்டு போறன்தானே!”

அலை படகைத் தூக்கிப் போட்டது. மனைவி ஒரு தேசிக்காயை நகத்தால் கீறி, எலுமிச்சை மணத்தில் குமட்டல் அடங்கட்டும் என்று அவர் மூக்கருகில் பிடித்தார்.

அவர் கண்களை மூடிக்கொண்டே சொன்னார்: “சரவாக்குக்கும் தலைநகருக்கும் நடுவிலையும் கடல்தானாம். அங்கை ஆர் ஆருக்குத் தேசிக்காய் பிடிக்கினமோ!”