கவிப்பிரியா கேட்ட கேள்வி

அன்று எங்கள் சேக்காட்டு வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் இருந்தோம்: திருவேங்கடமாகிய நான், என் மனைவி கன்னியம்மாள், மகள் மோகனப்பிரியா, மகன் தினேஷ், அவன் ஆடும் கால்பந்து கிளப்பிலிருந்து வந்திருந்த கவிப்பிரியா. காபி நன்றாக இருந்தது.

ஆட்டக்காரர்கள் ஜெர்சிக்குள் ஒரு கருவிப் பட்டை கட்டிக்கொள்கிறார்கள். எவ்வளவு தூரம் ஓடினார்கள், நெஞ்சு எப்படித் துடித்தது, எல்லாம் அதில் பதிவாகும். அதைப் படித்துச் சொல்வது கவிப்பிரியாவின் வேலை. லேப்டாப்பில் ஒரு கோட்டைக் காட்டினாள்.

“அறுபது நிமிஷத்துக்கு மேல துடிப்பு தடம் மாறுது, அங்கிள். பட்டை நழுவினாலும் இப்படி வரும். உங்க குடும்பத்துல யாராச்சும் சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா? இருந்தா, ஃபைனல்ல ஆடவிடாம டெஸ்ட் எடுக்கணும்.”

“எனக்கு இன்னா கொறைச்சல்? உன் மெசினுக்குத்தான் படபடப்பு,” என்றான் தினேஷ்.

“தூக்கத்துலயே பந்து ஒதைக்கிறவன்மா இவன்,” என்று கன்னியம்மாள் சிரித்தாள்.

“என் தம்பி வரதன் ஒருத்தன்தான். அவனைப் பாம்பு கடிச்சிது,” என்றேன்.

கவிப்பிரியா ‘இல்லை’ என்று பதிந்துகொண்டாள்.

மறுவாரம் மோகனப்பிரியாவுக்கு நிச்சயதார்த்தம். கரையான்சாவடியில் நல்ல இடம். நெஞ்சுக்கோளாறு உள்ள வம்சம் என்று ஒரு பேச்சு கிளம்பினால் என்ன ஆகும் என்பது பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பெயரில் நான் கறை விழ விட்டதில்லை.

இறுதிப் போட்டியில், அறுபத்தெட்டாவது நிமிடத்தில், தினேஷ் நின்ற இடத்திலேயே சரிந்தான்; பிறகு எழவேயில்லை. பந்து அவனிடம் இல்லை. வெயில் தாங்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன்.

கவிப்பிரியா வேலையை விட்டுவிட்டாள். ஒரு நாள் வந்து என் காலைத் தொட்டு அழுதாள். “நான் அப்பவே நிறுத்தியிருக்கணும், அங்கிள்.” பெரியவன் என்ற முறையில் மன்னித்தேன்.

கல்யாணம் தள்ளிப்போனது, நின்றுபோகவில்லை. ஆனால் பகலில் கண்ணை மூடினாலும் அந்தக் கோடு தெரிகிறது. ஒழுங்காகப் போகிறது, பிறகு தடம் மாறுகிறது.

மோகனப்பிரியாவுக்கு இது ஐந்தாம் மாதம். போன வாரம் டாக்டர் அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டாராம். தம்பிக்கு வெயில், சித்தப்பாவுக்குப் பாம்பு என்று சொல்லியிருக்கிறாள். நன்றாக வளர்த்த பெண். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

வரதனைப் பாம்பு கடித்தது என்று சேக்காட்டில் இன்றும் சொல்கிறார்கள். கடிக்கவில்லை. இருபத்திரண்டு வயதில், ஏரிக்கரையில் என்னோடு பேசிக்கொண்டே வந்தவன் நின்ற இடத்திலேயே சரிந்தான். அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாம்பு என்று சொன்னவன் நான்.

அங்கே பாம்பு எதுவும் இல்லை.