சுரங்கத்துக்கு ஞானத்தாய்

— கப்பைப் பிடிச்சுக்க அலோயிஸ், லாரி வருது.

— பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் புர்கி. கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த வீட்டுல ஒரு கையால கப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தானே காப்பி குடிக்கிறோம். சன்னலைப் பாரு, கிழவன் பல்லு மாதிரி ஆடுது.

— இன்னும் மூணே நாளு. ஞாயித்துக்கிழமை சுரங்கத்தைத் திறந்துட்டா அத்தனை லாரியும் மலைக்குள்ள போயிரும். அப்புறம் கப்பை மேசையில வச்சுட்டு நிம்மதியா குடிய்யா.

— திறந்தாத்தானே.

— என்ன சொன்ன?

— என் கோட்டு எங்க? கோயிலுக்குப் போடுறது.

— வியாழக்கிழமையில எதுக்குக் கோயில் கோட்டு?

— மாவட்ட ஆபீசுக்குப் போறேன். இன்னிக்குப் பன்னெண்டு மணியோட தவணை முடியுது. என் ஊத்துத் தண்ணியைச் சுரங்கம் குடிச்சுருச்சுன்னு ஒரு மனு எழுதிக் குடுத்தாப் போதும், விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் எவனும் திறக்க முடியாது. வக்கீல் சொல்லிட்டான்.

— விசாரிச்சு முடிக்க எத்தனை நாளாவும்?

— ஒரு வருஷம் ஆவும். ரெண்டும் ஆவும்.

— அதுவரைக்கும் லாரி?

— அதுவரைக்கும் கப்பைப் பிடிச்சுக்குவோம்.

— நல்லாருக்கு கதை. சுரங்கம் வேணும் சுரங்கம் வேணும்னு பதினாறு வருஷமா ஒத்தைக் காலுல நின்ன ஆளு. ஊரு ஊரா கையெழுத்து வாங்கின ஆளு. திறக்கப் போற நேரத்துல அதே ஆளு வாசல்ல குறுக்கப் படுக்கப் போறாராம்.

— எதுக்குடி நின்னேன்? ரோட்டை நம்ம மேல்புல்வெளி வழியா இழுக்கப் பாத்தானுங்க. புல்லைத் தொடாதே, மலையைக் குடைஞ்சு போன்னேன். சரின்னு குடைஞ்சான். குடைஞ்சவன் அந்தப் புல்லுக்குத் தண்ணி குடுத்த ஊத்தையே அறுத்துட்டான். வேலியே பயிரை மேஞ்ச கதையா இல்ல இது?

— பனி குறைவு, மழை குறைவுன்னு சொல்றாங்களே.

— கேட்டுக்க. என் கொள்ளுத்தாத்தன் காலத்துல ரெண்டு வருஷம் மழை இல்லாம ஊரே காஞ்சு கெடந்தப்பவும் அந்த ஊத்து நிக்கலை. இவனுங்க குடைஞ்சு அதுக்கு நேர் கீழ வந்த மாசத்துல நின்னுச்சு. இப்போ தீயணைப்பு வண்டியில தண்ணி வருது. மாடு அதை மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்குது. இந்தக் கோடையும் இப்படியே போச்சுன்னா பதினெட்டு மாட்டையும் வித்து ஓட்டி விட்டுட்டு நான் எங்க போய் நிக்க? அவனுங்க சுரங்கத்துல டிக்கெட்டா கிழிக்க?

— அதுதான் சாயம் கொட்டிப் பாத்தாச்சே.

— பாத்தாச்சு.

— நீயும்தானே கூட நின்ன. மேல்காட்டுல தண்ணி உள்ள இறங்குற பொத்துல பச்சைச் சாயத்தைக் கொட்டினப்போ.

— நின்னேன். கையில தெறிச்சது மூணு வாரம் போகலை. சட்டையை அடுப்புல போட்டோம். அவ்வளவு கெட்டிச் சாயம்! அது கீழ சுரங்கத்துச் சுவர்ல கசிஞ்சா ஊத்துத் தண்ணிதான் அங்க போவுதுன்னு அர்த்தம். கசியலை. எங்கதான் போச்சு அது? மலை முழுங்கிட்டு ஏப்பம் விட்டுருச்சா?

— என்னைக் கேட்டா?

— உன்னைக் கேக்காம யாரைக் கேக்க? பத்து நாளும் அந்தச் சுவருக்கு எதிர்ல உக்காந்தவ நீதானே.

— உக்கார வச்சவன் நீ.

— ஆமா, நான்தான் உன் பேரைச் சொன்னேன். பொதுவா ஒரு சாட்சி வேணும்னானுங்க. அவனுங்களுக்கு நீ சுரங்கத்தோட ஞானத்தாய். எனக்குப் பொண்டாட்டி. ரெண்டு பக்கமும் வாயை மூடிக்கிட்டானுங்க.

— ஞானத்தாய் ஆகணும்னு நானா போய்க் கேட்டேன்?

— கேக்கலைதான். ஆனா ராசியான ஞானத்தாய்னு எம்புட்டுப் பெருமை அவனுங்களுக்கு. பொம்பளை உள்ள வந்தா மலை சரியும்னு ஒரு காலத்துல விரட்டினவனுங்க. இப்போ ஒரு பொம்பளை பேரை வைக்காம முதல் வெடி வைக்க மாட்டானுங்களாம். திறக்கிற நாள் வரைக்கும் வாசல்ல பலகை, புர்கி சுரங்கம்னு. தபால்காரன் என்னைப் பாத்து, உன் பொண்டாட்டிக்குள்ள எத்தனை மீட்டர் போயிருக்காங்கன்னு கேக்குறான்.

— அவன் வாயில புழு வைக்க.

— நான் சிரிச்சுட்டேன். அப்போல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துச்சு.

— மூணு வருஷம்யா. டிசம்பர் மாசம் சுரங்கக்காரங்களைக் காக்குற புனித பார்பரா திருநாளுக்கு உள்ள பூசை வைப்பாங்க. அந்தச் சிலைக்கு மெழுகுவத்தி, எனக்குப் பூங்கொத்து. உள்ள ஒருத்தன் சாகலை, ஒருத்தன் விரல் நசுங்கலை. ஊர்ல எத்தனையோ பொம்பளைங்க இருக்க, என்னை ஏன் கூப்பிட்டாங்கன்னு உனக்கே தெரியும்.

— தெரியும்.

— லேனியோட அம்மான்னு கூப்பிட்டாங்க.

— தெரியும்னுட்டேன்ல. கோட்டைக் குடு.

— இரு. மனு குடுத்தா முதல்ல எதைப் பாப்பாங்க?

— சுரங்கத்துல நீ எழுதின நோட்டைத்தான்.

— அதுல என்ன எழுதியிருக்கு?

— சுவத்துத் தண்ணி காலையில ஒரு பாட்டில், சாயங்காலம் ஒரு பாட்டில். இருபது பாட்டிலுக்கு இருபது கையெழுத்து. நிறம் இல்லை, நிறம் இல்லை, நிறம் இல்லை. ஆய்வகத்துலயும் அதையேதான் எழுதியிருக்கான். எங்க அக்கா பின்னிக் குடுத்த வெள்ளைக் கையுறையைக்கூட அங்க தொலைச்சுட்டு வந்து நின்ன. பத்து நாள் ஈரத்துல உக்காந்ததுக்கு மிச்சம் உனக்கு மூட்டு வலி, எனக்குக் காஞ்ச ஊத்து.

— அப்போ என் கையெழுத்துக்கு வக்கீல் என்ன சொன்னான்?

— விடு.

— சொல்லுய்யா.

— உன் கண்ணு சரியில்லைன்னு சொல்லச் சொன்னான். இல்லேன்னா அவனுங்க சொன்ன இடத்துல அவ கையெழுத்துப் போட்டுட்டான்னு சொல்லணுமாம்.

— ஊரு முன்னால.

— ஊரு முன்னால.

— சொல்லப் போறியா?

— தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன முழம் என்ன. நமக்கு வெள்ளம்கூட இல்லை, ஒரு சொட்டு இல்லை.

— பதிலைச் சொல்லு. புல்லுக்காக என்னைப் பொய்க்காரின்னு சொல்லப் போறியா?

— வெறும் புல்லு இல்லைடி அது.

— எனக்கு அது புல்லுதான். பதினோரு வருஷமா உன்கிட்ட ஒண்ணைச் சொல்லாம இருக்கேன். கப்பைப் பிடி. இன்னொரு லாரி வருது.

— அது போகட்டும். சொல்லு.

— அவங்க ரோடு போடுறேன்னு வந்தப்போ லேனிக்கு நாலு வயசு. மூணு வருஷத்துல முடிச்சுத் தர்றோம்னாங்க. உனக்குப் புல்லு போயிருமேன்னு பயம். அர்னிகா பூ போயிரும், பட்டாம்பூச்சி போயிரும்னு பத்திரிகைக்காரனைக் கூட்டிட்டு வந்து காட்டின. ஊரே உன் பின்னால வந்துச்சு. நானும் வந்தேன். திட்டத்தைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு மறுபடி முதல்லேருந்து சுரங்கத்துக்கு வரைஞ்சாங்க.

— புர்கி.

— ரோடு வந்திருந்தா அவளுக்கு ஏழு வயசுல லாரி எல்லாம் மேல போயிருக்கும். ஒன்பது வயசுல பால் தூக்கை எடுத்துக்கிட்டு சத்திரத்துச் சுவரோரம் போனா. அந்த இடுக்குல லாரிக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்க இடம் இல்லை. தூக்கு தட்டையாயிருச்சு. அதை நீதான் எடுத்துட்டு வந்த.

— நான்தான் எடுத்துட்டு வந்தேன்.

— புல்லு நல்லாருந்துச்சு அந்த வருஷம். நாலு தடவை அறுத்த.

— போதும்.

— இப்போ மறுபடி ரெண்டு வருஷம் கேக்குற. எதிர்வீட்டு ரோமானுக்கு ஆறு வயசு. அவனும் அந்தச் சுவரோரமாத்தான் பள்ளிக்கூடம் போறான்.

— போதும்னு சொன்னேன்ல.

— சரி. கோட்டு அலமாரியில தொங்குது. எடுத்துக்க.

— வேண்டாம்.

— என்னது?

— எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அடக்கத்துக்கு மறுநாள் மேல்புல்வெளிக்குப் போனேன். அர்னிகா பூத்துக் கெடக்கு. அரிவாளை எடுத்து அறுக்க ஆரம்பிச்சேன். இருட்டுற வரைக்கும் அறுத்தேன். மறுவருஷமும் பூத்துச்சு. உன்கிட்ட சொல்லணும்னு தினமும் வாயெடுப்பேன். நீ ஒரு வார்த்தை கேட்டுருந்தா சொல்லியிருப்பேன். நீ கேக்கலை.

— என்ன சொல்லியிருப்ப?

— தப்பு என் மேலதான்னு. புல்லுக்கு எம் பொண்ணைக் குடுத்தேன்னு. கூட்டத்துல கை தட்டினது எனக்குப் பிடிச்சுப் போச்சு, புர்கி. அதுதான் நெசம். மூணு வருஷத்துல முடிஞ்சிருக்கும். எனக்குத் தெரியும்.

— பதினோரு வருஷமா இதுக்குத்தான்யா காத்துக்கிட்டு இருந்தேன்.

— சொல்லிட்டேன். இப்போ அந்த மனுவை எடுத்து அடுப்புல போடு. மாட்டை ஓட்டி விடுறேன். உன்னை ஊரு முன்னால பொய்க்காரின்னு சொல்லி ஒரு ஊத்து எனக்கு வேண்டாம்.

— அலோயிஸ்...

— கேட்டுக்க. அந்த இஞ்சினியரை நான் நம்பலை. ஆய்வகத்துக்காரனை நம்பலை. உன்னை நம்புறேன். நீ உக்காந்து பாத்து நிறம் இல்லைன்னு எழுதினா நிறம் இல்லை. ஊத்தைக் கடவுள் எடுத்தாரு, வறட்சியில எடுத்தாரு. எனக்கு அந்தத் தண்டனை வேணும்தான். அப்படின்னா ஒரு கணக்கு தீந்த மாதிரி இருக்கு. ஞாயித்துக்கிழமை நீ நல்ல உடுப்புப் போட்டுட்டு வா, நான் உன் கையைப் பிடிச்சுக்கிட்டு உள்ள நடந்து வர்றேன்.

— மணி என்ன?

— பத்தரை.

— இப்போ கெளம்பினா பன்னெண்டுக்குள்ள போயிரலாமா?

— போகலாம். அதான் போகலைன்னுட்டேனே.

— கோட்டைப் போட்டுக்க.

— எதுக்கு?

— கடைசி நாலு பாட்டில் நான் கோயில் குழாயில பிடிச்சது.

— என்ன சொல்ற நீ?

— அந்த வெள்ளைக் கையுறை தொலையலை, அலோயிஸ். தொழுவத்துல உப்புப் பெட்டிக்கு அடியில இருக்கு. ஒன்பதாம் நாள் காலையில அதைப் போட்டுக்கிட்டுத்தான் சுவத்துல கை வச்சேன். எட்டுத் தடவை துவைச்சுட்டேன், இன்னும் பச்சையாத்தான் இருக்கு.