றோபேட்டின் மடிக்கணினி மீன்பெட்டிக்குள் போன விதம்

என் பெயர் செலஸ்ரீனா. கணவர் பெயர் ஜோக்கிம். வயது நாற்பத்தொன்பது. பிறந்த இடம் யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை. தற்போது இத்தாலியில், பலேர்மோவின் ஒரேத்தோ பகுதியில் வசிக்கிறேன். தொழில் வீட்டுவேலை. வதிவிட அனுமதிப் பத்திரமான பெர்மெசோவின் பிரதியைக் கொடுத்திருக்கிறேன். எனக்கு இத்தாலியன் பேச வரும். ஆனால் கோபம் வந்தால் தமிழ்தான் வரும் என்பதால் மொழிபெயர்ப்பாளர் ஆரணியின் முன்னிலையில் பொலிஸ் அதிகாரிக்கு இந்த வாக்குமூலத்தைத் தமிழில் சொல்கிறேன்.

முறைப்பாடு கொடுத்த றோபேட் என்பவரின் மடிக்கணினியை வுச்சீரியா சந்தையில் மீன்காரரின் ஐஸ்தண்ணீர்ப் பெட்டிக்குள் போட்டது நான்தான். கைதவறி விழவில்லை. மூடி, இரண்டு கையாலும் தூக்கிப் போட்டேன். 'கோபத்தில்' என்று எழுதலாமா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். எழுதலாம், குறைத்து மட்டும் எழுத வேண்டாம் என்று சொன்னேன். ஏன் போட்டேன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் பெண்கள் சிலர் சேர்ந்து கூட்டுறவாக வேலை செய்கிறோம். வேலைகளைப் பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. எங்களுக்குள் ஒரு வேலையை 'வீடு' என்றே சொல்வோம். ஒருத்தி ஊருக்குப் போனாலோ பிள்ளை பெற்றாலோ வீட்டைக் கைவிடாமல் இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுப் போவாள், திரும்பி வந்ததும் மற்றவள் அதைக் கொடுத்துவிட வேண்டும். பதிலுக்கு நிற்பவருக்கு அந்த ஒரு வீட்டைத் தவிர வேறு வீடு எதையும் காட்டக்கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. காட்டினால் நேரே போய் வீட்டுக்காரச் சின்யோராவிடம் பேசி வீட்டைப் பிடித்துவிடுவார்கள். முன்பு இந்த விபரங்களெல்லாம் என் தலைக்குள் இருந்தன, ஒரு தொல்லையும் இருக்கவில்லை.

அதன் பிறகு றோபேட் வந்தார். அவர் வியா மக்வேதா வீதிக்குப் பக்கத்துச் சந்தில் சிறிய அலுவலகம் வைத்திருக்கிறார். எங்கள் கணினி வேலையை அவரிடம் கொடுத்திருந்தோம். எல்லாவற்றையும் கிளவுட்டில் போட வேண்டும் என்று அவர் சொல்லி, 'வீடுகள்' என்று ஒரு பெரிய போல்டரும் அதற்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உள் போல்டரும் செய்தார். உள் போல்டரில் முகவரி, வாசல் படம், அழைப்புமணியில் உள்ள பெயர், கதவுத் திறப்பை ஒளித்து வைக்கும் இடம் எல்லாம் இருக்கும்.

அதன் பிறகு துசானி எங்களிடம் வந்தாள். அவளுக்கு இடது காது கேட்காது. பிறவியிலேயே அப்படியில்லை, அவள் கணவன் கஜானன் அடித்து அடித்து அப்படியானது. அவனை விட்டு வந்த அவளை, வயதான ஒரு சின்யோராவுடன் தங்கி வேலை செய்யும் வீட்டில் நான் சேர்த்துவிட்டேன். அவள் இருக்கும் இடம் அவனுக்குத் தெரியக்கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. றோபேட்டிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர், "ஓம் அக்கா, உந்த உள் போல்டருக்கு லொக் போட்டுவிடுறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றார். நான் நம்பினேன். அடுத்த நாள் அவருக்கு மீன் அடைத்துப் பணிஸ் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பணிசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அதன் பிறகு ஓகஸ்ற் வந்தது. பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒரு டாக்டர் வீட்டில் தோட்டத்தைத் துப்புரவாக்கவும் அலுமாரிகளை இறக்கவும் ஓர் ஆண் தேவைப்பட்டது. றோபேட் என்னைக் கேட்காமல், யார் எவன் என்றும் விசாரிக்காமல், கஜானனைப் பிடித்தார். பிடித்ததோடு நிற்காமல், டாக்டர் வீட்டு முகவரியைக் கொடுப்பதற்காக, பெரிய போல்டரையே பார்க்கும் அனுமதியை அவன் போனுக்கு அனுப்பிவிட்டார். ஊரில் இத்தனை ஆம்பிளைகள் இருக்க இந்தக் கண்டறியாத மனிதனுக்கு அவன்தான் கிடைத்தான்.

கஜானன் டாக்டர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே துசானி இருந்த வீட்டுக்குப் போய் மணியடித்தான். அவள் கதவருகே வந்து, கேட்கும் காதால் அவன் குரலைக் கேட்டுத் திறக்காமல் நின்றாள். அவன் கதவுக் கண்ணாடியை உதைத்து உடைத்தான். சின்யோரா பல்கனியில் நின்று கத்த, துசானி குசினிப் பக்கப் படியால் இறங்கி ஓடினாள். அயலவர்கள் பொலிசைக் கூப்பிட்டது வேறு பதிவில் இருக்கிறது. அவள் என் வீட்டுக்கு வந்தபோது காலில் செருப்பு இல்லை, கையில் சின்யோராவின் அயர்ன் பெட்டி இருந்தது. அதை வாங்கி வைக்கப் பார்த்தேன், பிடியை விடமாட்டேன் என்றாள். பின்னேரம் சின்யோராவின் மகன் போன் எடுத்து, துசானி இனி வரத் தேவையில்லை, அயர்ன் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள் என்று சொன்னார்.

அதன் பிறகு மறுநாள் காலை நான் றோபேட்டைத் தேடிப் போனேன். வுச்சீரியாவில் மீன்கடைக்குப் பக்கத்து மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தார்.

"தம்பி, லொக் போட்டனெண்டு சொன்னனீரல்லோ. என்ன லொக் போட்டனீர்?" என்று கேட்டேன்.

"அக்கா, அது வந்து... பெரிய போல்டரைப் பாக்கிற ஆளுக்கு உள்ளுக்கை இருக்கிற எல்லாம் தெரியும். ஒண்டை மட்டும் மறைக்க அதிலை வழியில்லை."

"அப்ப முந்தி என்னடா செய்தனி?"

"பேரை மாத்தி விட்டனான். முன்னுக்கு ரெண்டு இசட் போட்டால் அது ஆகக் கடைசிக்குப் போயிடும். ஆர் அங்கைவரை இறங்கிப் பாக்கப்போகினம் எண்டு நினைச்சன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், அன்றுதான் மறைத்தவனை நேரில் பார்த்தேன். அவள் போல்டரை வெளியே எடுத்துத் தனியாக வைத்திருக்கலாமே என்று கேட்டேன். வைக்கலாம்தான், ஆனால் வெளியே வைத்தால் பட்டியலின் ஓடர் குழம்பிவிடும் என்றார். கஜானனுக்கு டாக்டர் வீட்டு உள் போல்டரை மட்டும் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். "தனிய அதைக் குடுத்தால் எங்கை கிடக்கெண்டு தெரியாமல் ஒவ்வொருத்தரும் எனக்கு ஒரே போன் அடிக்கினம் அக்கா" என்றார். ஒரு பெண்ணின் உயிர் ஒரு பக்கம், இவருடைய போன் தொல்லை ஒரு பக்கம். அதன் பிறகுதான் மடிக்கணினியைத் தூக்கினேன்.

மீன்காரர் இறாலை மட்டும் வேறு பெட்டிக்கு மாற்றினார். றோபேட் தலையில் கை வைத்துக்கொண்டு, "உங்களுக்கென்ன விசரே அக்கா? உதுக்குள்ளை ஒண்டுமில்லை. எல்லாம் கிளவுட்டிலை கிடக்கு. இப்பவும் அவன் பாத்துக்கொண்டுதான் இருப்பான்" என்று கத்தினார்.

கஜானனை அவர் இன்னும் போல்டரிலிருந்து அகற்றவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. துசானியைப் பற்றிச் சொல்லி இவ்வளவு நேரம் கதைத்தும், அந்த ஒரு வேலையைச் செய்ய அவருக்குத் தோன்றவில்லை. அவர் சட்டையைப் பிடித்து, அவருடைய போனிலேயே, என் கண்முன்னால் அகற்ற வைத்தேன். சட்டைப் பொத்தான் அறுந்தது என்று அவருடைய முறைப்பாட்டில் இருக்கிறது. அதுவும் உண்மைதான்.

செய்ததற்கு வருந்துகிறேனா என்று அதிகாரி கேட்டார். முதலில் அவனை அகற்ற வைத்துவிட்டு அதன் பிறகு மடிக்கணினியைப் போட்டிருக்க வேண்டும். வரிசை மாறிப்போனதற்கு வருந்துகிறேன்.

அதன் பிறகு, துசானி சாட்சி என்பதால் அவளின் தற்போதைய முகவரியைச் சொல்லும்படி அதிகாரி கேட்டார். இந்த வாக்குமூலம் எங்கே வைக்கப்படும் என்று நான் கேட்டேன். வழக்குக்குரிய போல்டரில் என்றார். அதை யார் யார் பார்க்கலாம் என்று கேட்டேன். இங்கே வேலை செய்பவர்கள், நீதிமன்றம், இரு தரப்பு வழக்கறிஞர்கள் என்றார். கஜானனுக்கு வழக்கறிஞர் வைத்தால் அவருமா என்று கேட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் மறைத்து வைக்கலாம் என்றார். எப்படி என்று கேட்டேன். அதிகாரி தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுத்தார்.

துசானியின் முகவரி:

மேலே உள்ளதைத் தமிழில் வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, யாரும் சொல்லித்தரவில்லை, எல்லாம் உண்மை. வெறுமையாக உள்ள வரி மறதியால் விடுபட்டதல்ல. அதை எனக்குப் பின்னால் யாரும் நிரப்பக்கூடாது என்று, அந்த வெறுமையான இடத்திலும் கையெழுத்து வைக்கிறேன்.

செலஸ்ரீனா ஜோக்கிம்