புகைக்குழாயில் டெரியின் கை

உங்கள் ஸ்டேஷன் வாசல் கதவு கிறீச்சிடுகிறது, மேடம். கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். நாள் முழுக்க எத்தனையோ பேர் திறந்து மூடுகிறீர்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை. சரி, அது உங்கள் பாடு.

நான் வந்தது டெரி ஹக்கபி விஷயமாக. போன வாரம் என் கராஜில் செத்துப்போனானே, என் கிளப் தோழன், அவன்தான். இன்ஜின் புகையில் மூச்சடைத்துச் செத்தான், விபத்து என்று முடித்துவிட்டீர்கள். உங்கள் ஆட்கள் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முடிவில் ஒரு பிழை இருக்கிறது. பிழையோடு ஒரு வேலையை விட்டுவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லை.

என் கார் பாகம் பாகமாகப் பெட்டிகளில் வந்து இறங்கியது. வீட்டில் நாமே பூட்டிக்கொள்ள வேண்டிய கிட் கார். லிங்கன்ஷயரில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். மாதம் ஒருமுறை பப்பில் கூடி, ஓடாத கார்களைப் பற்றி ஓயாமல் பேசுவோம். "நானா, அந்தக் காரா, ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க" என்றாள் என் மனைவி பிரெண்டா. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்து முடிப்பதற்குள் ஸ்கெக்னெஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் அலமாரி இருந்த இடத்தில் கியர்பாக்ஸ் கச்சிதமாக உட்கார்ந்தது.

அந்தக் காரில் புகைக்குழாய் பக்கவாட்டில், எல்லார் கண்ணிலும் படும்படி ஓடுகிறது. நான் வைத்திருப்பது வேறொரு காரின் இன்ஜின் என்பதால் கடைக் குழாய் எதுவும் சேராது. அளவெடுத்து வளைக்கக் கொடுத்தேன். அதன் மேல் சூடு தாங்கும் பீங்கான் பூச்சு, மங்கிய வெள்ளி நிறத்தில். பூச்சுக்காரன் மாதக்கணக்கில் இழுத்தடித்தான். வந்த அன்று அதைச் சோபாவில் கிடத்தி, எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். பிரெண்டாவோடு சாப்பிட்ட எந்தச் சாப்பாடும் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

பூசிய குழாய்க்கு ஒரு விதி உண்டு. எங்கள் கூட்டத்தில் தெரியாதவர் கிடையாது. முதல் சூடு ஏறும்வரை வெறுங்கை படக்கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப்பசை பூச்சோடு வெந்து இறங்கிவிடும், அப்புறம் தலைகீழாக நின்றாலும் போகாது. அதனால் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டுதான் பொருத்தினேன். ஒவ்வோர் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, உள்ளே காற்றை ஏற்றிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. பிறகு ஸ்பிரிட் தொட்டு முழுக்கத் துடைத்துவிட்டுச் சாவியை எடுக்கப் போனேன்.

அந்த நேரத்தில் டெரி கையெல்லாம் எண்ணெய் வழிய சாசேஜ் ரோலைத் தின்றுகொண்டே உள்ளே வந்திருந்தான்.

"யோவ் செட்ரிக்கு, குழாய் கும்முன்னு இருக்குய்யா" என்றான்.

என் முதுகுக்குப் பின்னால் அதைக் குதிரைத் தொடையைத் தட்டுவதுபோல் தட்டியும் இருக்கிறான். நான் கவனிக்கவில்லை. இன்ஜின் ஓடிக் குழாய் சூடேறியதும், அந்த வெள்ளிப் பூச்சில் ஐந்து விரலும் பழுப்பாக எழுந்து வந்தன.

"அட, என் கையா அது? விதி மறந்தே போச்சுய்யா. சரி விடு, கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே வித்தா எனக்கும் பங்கு உண்டுல்ல?"

நான் சிரித்தேன். அடுத்த கூட்டத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன், அங்கே அவன் அதைக் கதையாகச் சொன்னபோதும் சிரித்தேன். ஒவ்வொருவனும் குனிந்து தன் கையை அந்தத் தடத்தின் மேல் வைத்து அளவு பார்த்தான். "அடுத்த வாட்டி கெட்சப்பும் தொட்டுக்க டெரி" என்றான் நார்மன் பில்பிரோ. அவன் வீட்டுக் கார் சொந்தக் காலில் சாலைக்கு வந்ததே இல்லை, அவனுக்கு வாய் மட்டும் ஓடும். எனக்குக் கோபமே இல்லை, மேடம். கோபத்தில் செய்கிற வேலை கோணலாகத்தான் முடியும்.

போன வாரம் டெரி தானாகவே வந்தான். "மனசு கேக்கலய்யா. ஒரு பாலிஷ் வாங்கியாந்தேன். குழாய் லேசா சூடா இருக்கறப்ப தேய்ச்சா போயிடுமாம்."

நல்லவன்தான், நான் மறுக்கவில்லை. வெளியே குளிர்காற்று வெட்டியது, கதவைச் சாத்திவிட்டு இன்ஜினை ஓடவிட்டோம். அப்படிச் சாத்தி ஓட்டும்போது குழாயின் வாலில் ஒரு ஹோஸை மாட்டி, சுவர்த் துளை வழியாகப் புகையை வெளியே விடுவேன். டெரி தரையில் படுத்துத் தேய்த்தான். "போவுதுய்யா, போவுது" என்றான். குனிந்து பார்த்தேன். கறை அப்படியே இருந்தது. போய்க்கொண்டிருந்தது பூச்சு. விரல் தடங்களைச் சுற்றி இரும்பு பல்லைக் காட்டியது.

ஹோஸைக் கழற்றிக் கீழே போட்டேன். டீ போட்டு வருகிறேன் என்றேன். "எனக்கு ரெண்டு சக்கரை" என்றான். வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினேன்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "யோவ், தலைய வலிக்குதுய்யா. டீ வருமா வராதா?"

"கெட்டில் கொதிக்கணும்ல" என்றேன். கெட்டில் எப்போதோ கொதித்துவிட்டது.

உங்கள் ஆட்கள் வருவதற்குள் ஹோஸை மாட்டி வைத்தேன். புகை எப்படி உள்ளே வந்தது என்று அவர்கள் குழம்பினார்கள். கடைசியில் உங்கள் நிபுணர் சைலன்சர் இணைப்பு கசிந்திருக்கும், சொந்தக் கைவேலைதானே என்றார். எனக்குச் சாதகம் என்று வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

நேற்று அடக்கம். கிளப்காரர்கள் அவரவர் காரில் வந்தார்கள், இரண்டைத் தள்ளித்தான் கல்லறைத் தோட்டத்துக்குள் கொண்டுபோக வேண்டியிருந்தது. சாண்ட்விச் தட்டோடு நார்மன் எல்லோரிடமும் "செட்ரிக் போட்ட ஜாயின்ட்டுப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். டெரியின் மனைவி லோர்னா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"உங்க மேல எனக்கு வருத்தமே இல்ல செட்ரிக். நீங்க வேணும்னேவா செஞ்சீங்க? தெரியாத வேலைல ஆசப்பட்டு இறங்கிட்டீங்க, அவ்ளோதான். டெரி கூட மன்னிச்சிருப்பான்."

எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

அதனால் வந்தேன். நான் கர்வம் பிடித்தவன் இல்லை, மேடம். புருஷன் எப்படிப் போனான் என்று அந்தப் பெண்ணுக்கு உண்மை தெரிய வேண்டும், என் மனசாட்சி அதைத்தான் கேட்கிறது. ஆமாம், டெரியைக் கொன்றது நான்தான். அந்தப் பகுதியை உங்களுக்குத் தோன்றியபடி எழுதிக்கொள்ளுங்கள், படிக்காமலே கையெழுத்துப் போடுகிறேன். இணைப்பு கசியவில்லை என்பதை மட்டும் நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள்.