ஒரே மேசை

21 ஜூலை 2024, ஞாயிற்றுக்கிழமை, மாலை 4 மணி 40 நிமிடம், மெல்லிய தூறல். பெங்களூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூரை நோக்கி, கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைக் கடந்து செல்லும் கார். ஓட்டுபவர் பென்னலூர் வீட்டுக்காரர் நாகப்பன். பின்னிருக்கையில் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் சக்திகுமார், அவன் மனைவி மாரிசெல்வி.

நாகப்பன்: …விடிகாலைல போறசொல்ல ரெண்டு பேரும் சிரிச்சிகினு வந்தீங்க. இப்ப இன்னா, எழவு வூட்டுக்குப் போய்ட்டு வர்றா மாதிரி? பெங்களூர்ல அந்தப் போக்கரு சீட்டாட்டப் போட்டில பணம் பூட்ச்சா?

மாரிசெல்வி: பணம் இல்லண்ணே… வேலை.

நாகப்பன்: வேலையா?

சக்திகுமார்: வேலைய வச்சு ஆடினோம்ணே. எங்க ரெண்டு பேர்ல யாரு போட்டிய விட்டு மொதல்ல வெளிய வாராங்களோ, அவங்க வேலைய விட்டுரணும்.

நாகப்பன்: அட இன்னாய்யா நீ! பொண்டாட்டி வேலைய வெச்சா ஆடுவ?

மாரிசெல்வி: அவிய வேலையையும் சேத்துத்தாம்ணே வச்சோம். நாந்தான் தோத்தேன். காலைல ராஜினாமா எழுதிக் குடுக்கணும்.

நாகப்பன்: எதுக்கும்மா இந்த வெளாட்டு?

மாரிசெல்வி: ரெண்டு வருசமா ஒங்க மாடியில இருக்கோம். எங்கள ஒண்ணா எப்பவாவது பாத்திருக்கீயளா?

நாகப்பன்: …இல்லியே. ஒருத்தர் ஏறசொல்ல ஒருத்தர் எறங்குவீங்க. ஏதோ சண்டைன்னு நெனச்சிகினு இருந்தேன்.

சக்திகுமார்: சண்ட போடக்கூட நேரம் இல்லண்ணே. எனக்கு ஒரகடத்துல ஒரு கம்பெனி, இவளுக்கு வல்லத்துல ஒரு கம்பெனி. என் ஷிஃப்ட் மாறுத அன்னைக்கே இவ ஷிஃப்டும் மாறிரும். வார லீவும் வேற வேற. ஒராள் விட்டாத்தான், இன்னொராள் நேரத்துக்குத் தக்கன வேற வேலை பாக்க முடியும்.

நாகப்பன்: பாத்துக்கவே முடியல… ஆட்டத்த மட்டும் எப்பிடி கத்துகினீங்க?

மாரிசெல்வி: அரிசி டின் மேல.

சக்திகுமார்: சிரிக்காதீங்கண்ணே. அதுமேலதான் சீட்டு. நடுவுல அஞ்சு சீட்டு பொது. ஆளுக்கு ரெண்டு சீட்டு கமுத்தி இருக்கும். வேலைக்குப் போகும்போது மூணு துணி கிளிப்ப பந்தயமா வச்சிட்டுப் போவேன். இவ வந்து பாத்து…

மாரிசெல்வி: அஞ்சு கிளிப் வைப்பேன். அவிய மறுநா பாப்பாவ. ஒரு ஆட்டம் முடிய ஒரு வாரம்.

நாகப்பன்: யாரும் இல்லாதசொல்ல அட்த்தவங்க சீட்ட திருப்பிப் பாக்கமாட்டீங்க?

மாரிசெல்வி: நான் பாக்கமாட்டேன். அவிய எப்பிடியோ.

சக்திகுமார்: ஏட்டி!

மாரிசெல்வி: அந்தப் பழக்கத்துலதான் இன்னைக்கு மானம் போச்சு. குலுக்கல்ல எங்களுக்கு ஒரே மேசை. பந்தயத்தக் கட்டிட்டு இவிய பாட்டுக்கு எந்திச்சு வாசலுக்குப் போறாவ! சீட்டு போடுத பையன் 'சார், சார்'னு பின்னாலயே வாரான்.

சக்திகுமார்: நீ மட்டும்? யோசிக்க ஒரு நிமிசந்தான்னு சொல்லுதான், சாமி செல மாதிரி இருக்க. மணியடிச்சு மணியடிச்சு ஒஞ்சீட்டப் புடுங்கிட்டுப் போனான். ஆறு தடவ! பந்தயம் கட்டக் குடுத்த காயெல்லாம் சும்மா கரைஞ்சு…

நாகப்பன்: ஏம்மா, சீட்டு சரியில்லியா?

மாரிசெல்வி: நல்லாத்தான் வந்துது. ஒரு தடவ கையில ரெண்டு ஆஸ்.

சக்திகுமார்: ரெண்டு ஆஸா! அத வச்சிக்கிட்டா சும்மா இருந்த? செல்வி… என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்த?

மாரிசெல்வி: ஒங்களத்தான். யோசிக்கும்போது கீழ் ஒதட்டக் கடிப்பீயன்னு எனக்குத் தெரியாதுல்லா. தூங்குத மொகந்தான் தெரியும். இன்னும் கொஞ்சம் பாப்போம், இன்னும் கொஞ்சம் பாப்போம்னு… அதுக்குள்ள மணியடிச்சிட்டான்.

நாகப்பன்: …தோ, டீக்கடை கீது. நான் எறங்கி ஒரு டீ அடிச்சிட்டு வரேன். நீங்க பேசிகினு இருங்க.

மாரிசெல்வி: கண்ணு ஏன் கலங்குது ஒங்களுக்கு? பந்தயம்னா பந்தயந்தான். இப்பமே எழுதிருதேன், பேனா குடுங்க.

சக்திகுமார்: அடுத்த மாசம் லைன் லீடர் ஆக்குதோம்னு ஒங்கிட்ட சொன்னாங்கல்லா?

மாரிசெல்வி: சொன்னாங்க. பரவால்ல… எங்கூட வேலை பாக்குத சந்திரலேகா ஆவட்டும். அவளும் நல்லாத்தான் செய்வா. பேப்பர் இருக்கா?

சக்திகுமார்: இந்தா.

மாரிசெல்வி: இதுல ஏற்கெனவே எழுதியிருக்கே… 'ப. சக்திகுமார், ஒரகடம்…' என்னங்க இது? ஒங்க ராஜினாமா! கீழ ஒங்க மேனேஜர் கையெழுத்து. தேதி… வெள்ளிக்கிழமை! அப்பம் பந்தயம்? முந்நூறு கிலோமீட்டர் என்னத்துக்குப் போனோம்?

சக்திகுமார்: 'லீவு போடு, ஒரு நா முழுக்க ஒங்கூட சும்மா இருக்கணும்'னு கேட்டா… ஓ.டி. இருக்குன்னு சொல்லிருப்ப.